கல்லும் சுண்ணாம்பும் கதை சொல்லும் ராஜாஜி சாலை
சந்திரகிரி நாட்டில் எழுந்த ஆங்கிலேயர் வீதி

கங்காதர நெல்லூர், சித்தூர், திருப்பதிப் பக்கமிருந்து சென்னைக்குப் போகும் தமிழர்கள் பலரும் பாரிமுனையில் பஸ் மாறுவார்கள். சாமான் வாங்குவார்கள், கோர்ட்டு வேலை, ஆபீஸ் வேலை பார்ப்பார்கள். ஆனால் அங்கே தலையை நிமிர்த்திக் கட்டிடங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. பாரிமுனையிலிருந்து ராயபுரத்தை நோக்கிப் போகும் ராஜாஜி சாலை, ஆங்கிலேயர் இந்த நாட்டில் அமைத்த பழைய வீதிகளுள் ஒன்று. "முதல் வரிசைக் கடற்கரை" என்பது அதன் பழைய பெயர்.

இந்த வீதிக்கும் சித்தூர் சீமைக்கும் உறவு உண்டு. 1639-ம் ஆண்டு சந்திரகிரி அரசருக்கு அடங்கிய வெங்கடாத்ரி நாயக்கரிடம்தான் பிரான்சிஸ் டே என்ற கம்பெனி அதிகாரி கோட்டை கட்ட மணல் நிலம் பெற்றார். சென்னை நகரத்தின் பிறப்புச் சீட்டு சந்திரகிரி அரசர் காலத்தது!

எல்லைத் தூண்

பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே ஒரு கல்தூண் நிற்கிறது. 1773-ல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் எஞ்சியது இது ஒன்றே. "இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது" என்பது அதன் பொருள். காரணம் என்ன? 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகிவிடும் என்று ஆங்கிலேயர் அஞ்சினார்கள். நகரம் திரும்பக் கைக்கு வந்ததும் அந்தப் பழைய ஊரையே இடித்துத் திடலாக்கினார்கள். குடியிருந்த மக்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய பகுதிதான் இன்றைய ஜார்ஜ் டவுன்.

அந்தத் திடலில் பின்னாளில் எழுந்ததே ஐகோர்ட்டு. 1892-ல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. அதற்கு முந்தைய 1844-ம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூணும் அதே வளாகத்தில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியதற்கு நினைவுக் கல்வெட்டும் உண்டு. சித்தூர் ஜில்லா மக்களுக்கு இது வேறூர்க் கட்டிடம் அல்ல. 1954-ல் குண்டூரில் ஆந்திர ஐகோர்ட்டு ஏற்படும் வரை, அவர்களுடைய அப்பீல் வழக்குகளுக்கு இங்கேதான் தீர்ப்புக் கிடைத்தது.

மூன்று காலம், மூன்று கோலம்

கட்டிடத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லலாம். வெள்ளைச் சுவரும் உருண்டைத் தூண்களும் என்றால் கம்பெனிக் காலம். கடல் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக் கரு, தயிர், வெல்லத் தண்ணீர் சேர்த்துப் பூசி இழைப்பார்கள். பூச்சு சலவைக்கல் போல மின்னும். கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை ஓரமாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதுதான் "மெட்ராஸ் டெரஸ்".

சிவப்புச் செங்கல், குமிழ்க் கோபுரம், வளைவுகள் என்றால் ராணி விக்டோரியா காலம். சிசோம் என்ற நிபுணர் வரைந்த பெரிய தபால் ஆபீஸ் 1884-ல் முடிந்தது. அதில் மலையாள நாட்டுக் கூரையின் சாயலையும் அவர் சேர்த்தார். 1890-களில் எழுந்த ஸ்டேட் பாங்கிக் கட்டிடம் முதலில் பாங்க் ஆப் மெட்ராஸ். 1921-ல் இம்பீரியல் பாங்கி ஆயிற்று. 1955-ல் ஸ்டேட் பாங்கி ஆயிற்று. வரைந்தவர் இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். ஐகோர்ட்டைக் கட்டிய கான்ட்ராக்டரும் அவரே.

அலங்காரம் குறைந்து, நேர்க்கோடுகளாய் நிற்பது மூன்றாம் கோலம். 1940-ல் முடிந்த டேர் ஹவுஸ் அதற்குச் சாட்சி.

வடகோடியில் ராயபுரம் ரெயில் நிலையம். 1856-ல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தூண் வரிசைக் கட்டிடம் இன்றும் நிற்கிறது.

போனவை போக

எல்லாம் தப்பவில்லை. ஐகோர்ட்டு புதுக் கட்டிடத்துக்குப் போகும் முன் இயங்கிய பெண்டிங்க் கட்டிடம் 1990-களில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று கலெக்டர் ஆபீசான சிங்காரவேலர் மாளிகை இருக்கிறது. 2000-ல் தபால் ஆபீஸிலும், 2018-ல் ஸ்டேட் பாங்கிக் கட்டிடத்திலும் தீப்பிடித்தது. சென்டிரல் அருகே மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தே போயிற்று. நம் ஊர்க்காரர்கள் அரக்கோணம் வழியே புறநகர் ரெயிலில் போய் இறங்குவது அந்த இடத்தில்தான். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தீயைவிட மெதுவாகத் தின்பவை இரண்டு. ஒன்று, சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்று. மற்றொன்று, பழுது பார்க்கிறோம் என்று பூசும் சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்கரை உப்பும் சேர்ந்து செங்கல் உதிரும். கன்றை முளையிலே கிள்ளுவதற்கும், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பூசுவதற்கும் பெரிய செலவில்லை. அதைச் செய்யாமல் விட்டு, "பாழடைந்தது" என்று பெயர் வைத்து இடிப்பதற்குத்தான் செலவு.

சென்னைக்குப் போக வேண்டியதில்லாதவர்கள் சந்திரகிரிக்குப் போகலாம். திருப்பதிக்கு அருகே ராஜ மகால், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாக, நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. கோயில் கோபுரச் சாயலும் இஸ்லாமியப் பாணி வளைவும் அதில் கலந்திருக்கின்றன. ராஜாஜி சாலையில் ஆங்கிலேயர் செய்த கலப்பை அதற்கு முன்பே செய்து காட்டியவர்கள் இந்தச் சீமைக் கொத்தர்கள். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் அது நிலைத்திருக்கிறது. அதே அக்கறை அந்தக் கடற்கரை வீதிக்கும் கிடைத்தால், நம் பேரப்பிள்ளைகளுக்கும் காட்ட ஏதாவது மிஞ்சும்.