வீடு வாங்கிய பிறகு வரும் பணம்

முதல் வீடு வாங்க நினைப்பவருக்கு மாதத் தவணையைவிடப் பெரிய மலை, கிரையத்தன்று கையில் இருக்க வேண்டிய முன்பணம்தான். வாடகையை மாதம் தவறாமல் கொடுத்து வருபவர் தவணையையும் எப்படியாவது கட்டிவிடுவார். மொத்தமாக ஒரு தொகையைச் சேர்ப்பதற்குள்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன. இந்த இடத்தில் வரிச் சலுகை கைகொடுக்குமா? 2008 முதல் 2010 வரை அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது.

நம் ஊரில் பழைய வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் வரை கிடைப்பது வரிக் கழிவு. அது வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 40 ஆயிரம்தான். 'டேக்ஸ் கிரெடிட்' எனப்படும் வரி வரவு, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழியும். அமெரிக்கா கொடுத்தது அதற்கும் ஒரு படி மேலே: வரவைவிட வரி குறைவாக இருந்தால், மீதியைப் பணமாகவே தந்துவிடுவார்கள்.

வீட்டுச் சந்தை சரிந்துகொண்டிருந்த 2008 ஜூலையில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம், வீட்டு விலையில் 10 சதவீதம், அதிகபட்சம் 7,500 டாலர் என்றது. பெயர்தான் வரவு, உண்மையில் அது வட்டியில்லாக் கடன். 15 வருடங்களில் திருப்பிக் கட்ட வேண்டும். 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு அதை 8,000 டாலராக உயர்த்தி, மூன்று வருடம் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் திருப்பித் தர வேண்டாம் என்றது. முந்தைய மூன்று வருடங்களில் சொந்த வீட்டில் குடியிருக்காதவர் எல்லோரும் 'முதல்முறை வாங்குபவர்' கணக்கில் வந்தார்கள்.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு தம்பதி 1.5 லட்சம் டாலருக்கு வீடு பார்க்கிறார்கள். அரசின் கடன் உத்தரவாதத் திட்டமான எஃப்.ஹெச்.ஏ.வில் முன்பணம் 3.5 சதவீதம், அதாவது 5,250 டாலர். பத்திரச் செலவு தனி. வரி வரவோ 8,000 டாலர், முன்பணத்தைவிட அதிகம். ஆனால் அது கையில் வர, முதலில் வீட்டை வாங்கி முடிக்க வேண்டும். பிறகு 5405 என்ற படிவத்தை நிரப்பி, வரிக் கணக்கோடு இணைத்து, காத்திருக்க வேண்டும். கிரையத்தன்று அந்த 5,250 டாலர் இல்லாதவருக்கு இந்த 8,000 டாலர் கிடையவே கிடையாது.

இந்தக் குறை அரசுக்கும் தெரிந்தது. வரவை எதிர்பார்த்துக் கடன் நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் தரலாம் என்று 2009 மே மாதம் வழி செய்தார்கள். ஆனால் தனியார் நிறுவனம் தரும் பணத்தை அந்தக் கட்டாய 3.5 சதவீதத்துக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. எங்கே தேவையோ அங்கே கதவை அடைத்துவிட்டார்கள் என்றே சொல்வேன்.

சலுகை பெற 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது கடைசிக் கெடு. மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிட சுமார் 27 சதவீதம் விழுந்தது. பிறகு வாங்கவிருந்த பலர் முன்கூட்டியே வாங்கிவிட்டிருந்தார்கள். முறைகேடும் நடந்தது: சிறையில் இருந்த 1,295 பேருக்கு 91 லட்சம் டாலர் போனதை வரித்துறையின் கண்காணிப்பு அமைப்பு கண்டுபிடித்தது.

வீடு வாங்கும் நேரத்திலேயே 15,000 டாலர் வரை கையில் கிடைக்கும்படி வரி வரவு தருவேன் என்று 2020 தேர்தலில் ஜோ பைடன் வாக்குறுதி தந்தார். சரியான யோசனை அதுதான். 2021-இல் அதற்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை.

2008 சட்டத்தில் 7,500 டாலர் பெற்று, வீட்டை விற்காமல் அங்கேயே குடியிருந்தவர்கள் வருடம் 500 டாலராகத் திருப்பிக் கட்டினார்கள். கடைசித் தவணை, 2025-இல் தாக்கல் செய்த வரிக் கணக்கோடு முடிந்தது.