செம்பும் அதன் விலையும்

மனிதன் கல்லை விடுத்து உலோகத்தைக் கைக்கொண்ட காலத்தில் அவனுக்கு முதலில் உதவியவற்றுட் செம்பும் ஒன்று. இயல்பில் மென்மையான இவ்வுலோகம் வெள்ளீயத்தோடு கலந்து வெண்கலமாகி வன்மை பெற்றது. நாகத்தோடு கலந்து பித்தளையாயிற்று. குத்துவிளக்கும் கோயில் மணியும் இவற்றின் வழிவந்தவையே.

இக்காலத்திலோ செம்பின் தலையாய பணி மின்னைக் கடத்துதலாகும். உலோகங்களுள் வெள்ளியொன்றே இத்தொழிலில் அதனை விஞ்சுவது. வெள்ளி விலைமிக்கதாகலின், மின்கம்பியும் மோட்டரும் மின்பிறப்பாக்கியும் செம்பையே வேண்டி நிற்கின்றன. 1997 இல் ஐ.பி.எம். நிறுவனம், கணினிச் சில்லுகளின் நுண்ணிணைப்புகளிலும் அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பை இடும் முறையை அறிவித்தது.

இத்துணைச் செம்பும் எங்கிருந்து வருகின்றது? உலக உற்பத்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கைத் தருவது தென்னமெரிக்க நாடாகிய சிலி. அங்கு அற்றக்காமாப் பாலைநிலத்திலுள்ள சுக்கிக்கமாற்றாவில் 1915 இல் பெருந்தொழில் தொடங்கிற்று; 1971 இல் அது நாட்டுடைமையாயிற்று. நூறாண்டுத் தோண்டலால் ஆங்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் ஆழமான குழி உண்டாயிற்று. 2019 முதல் அதன்கீழ் நிலக்கீழ்ச் சுரங்கமும் இயங்குகின்றது.

இந்நாளிற் பெரும்பாலான சுரங்கங்களில் நூறு தொன் கல்லை உடைத்தாலும் ஒரு தொன் செம்பு கிடைப்பது அரிது. கல்லைப் பொடியாக்கி, நீரிற் கலந்து, நுரையெழுப்புவர். தாதுத் துகள்கள் நுரையோடு மிதந்து வரும். அவற்றை உலையிலிட்டு உருக்கக் கந்தகம் வாயுவாகப் பிரியும். எஞ்சிய செம்பைத் தகடாக வார்த்து மின்பகுப்புச் செய்யின் அது 99.99 சதவீதத் தூய்மை எய்தும். தொட்டியின் அடியிற் படியும் சேற்றிலே பொன்னும் வெள்ளியும் கிடைப்பதுண்டு.

செம்புக்கு மனிதர் கொடுத்த விலையோ சிறிதன்று. 1899 இல் சுக்கிக்கமாற்றாவின் பழஞ்சுரங்கமொன்றில், மண் சரிந்து மாண்ட தொழிலாளி ஒருவனின் உடல் அவன் கருவிகளோடு கண்டெடுக்கப்பட்டது. அவன் கி.பி. 550 அளவில் வாழ்ந்தவன் என்பர். நம் காலத்திலும், உருக்காலைப் புகையும் கழிவுக் கற்குவியலும் பெருகியமையால், சுரங்கத்தை அடுத்திருந்த ஊரவர் கலாமா நகருக்குப் பெயர்க்கப்பட்டனர். தலைமுறைகள் பிறந்து வளர்ந்த ஊர் வெறிதாயிற்று. அதன் மருத்துவமனை கற்குவியலின் கீழ் மறைந்தது.

காற்றாலையும் மின்னூர்தியும் பெருகப் பெருகச் செம்பின் தேவையும் வளர்கின்றது. எனினும் செம்புக்கு ஓர் அருங்குணம் உண்டு: எத்தனை முறை உருக்கினும் அதன் தன்மை கெடுவதில்லை. ஆதலின் பழைய கம்பியையும் பாத்திரத்தையும் வீசாது மீள உருக்கக் கொடுப்போர், எங்கோ ஒரு மலையையும் அதன் அடிவாரத்து ஊரையும் காப்பவராவர்.