லாரிக்குள் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொண்டு செல்லுதல்

மதுரையினின்று ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இராஜபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணன்கோவிலிலே வத்திராயிருப்புக்குப் போகும் பாதை பிரிகின்றது. ஆடி அமாவாசையையொட்டிச் சதுரகிரி மலைக்குச் செல்லும் ஜனங்கள் இவ்வழியே தாணிப்பாறையை அடைவது வழக்கம். அத்தகைய நாளொன்றில் நாம் அவ்வூர் வழியே பிரயாணம் செய்தபொழுது, சாலையோரத்தில் ஒரு சிறிய லாரி நின்றிருக்கக் கண்டோம். அதன் உச்சியில் இரண்டு கூம்புக் குழாய்கள் கட்டப்பட்டிருந்தன. கேபினுள்ளிருந்து கருகிய வாடை வீசிற்று. யாத்திரிகருக்கு அறிவிப்புச் செய்வதற்கென அன்று வாடகைக்கு அமர்த்தப்பட்ட அவ்வண்டி, மற்ற நாட்களில் சிவகாசித் தீப்பெட்டிப் பண்டல்களைச் சுமப்பது என்று ஓட்டுநர் கூறியபோது நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

ஓட்டுநர் ஒரு பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பாருங்கள் ஐயா, பியூஸ் போகவேயில்லை, கம்பி மட்டும் எப்படி எரிந்தது?" என்று வினவினார். வினா மிக நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியூஸ் என்பது ஆம்பிளிஃபையரைக் காக்கும் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அது காப்பது கம்பியை. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் மதகு எங்கே இருக்கவேண்டும்? வாய்க்கால் தொடங்கும் இடத்தில் அன்றோ? கடைமடையில் மதகை வைத்தால், நடுவே கரை உடைந்தபின் அதை அடைத்து என்ன பயன்? அந்த லாரியிலோ பியூஸ் கேபினுள், ஆம்பிளிஃபையரின் அருகில் இருந்தது. பாட்டரி கேபினுக்குப் பின்னால், சட்டத்தின் பக்கவாட்டில் இருந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கம்பி முழுவதும் காவலற்றுக் கிடந்தது. கேபினின் தகட்டில் துளையிட்டு அக்கம்பியை நுழைத்தவர், துளையின் விளிம்பிற்கு ரப்பர் வளையம் இடவில்லை. வண்டி ஓடும்போதெல்லாம் தகட்டின் கூர்விளிம்பு கம்பியின் உறையை அராவிக்கொண்டே வந்து, கடைசியில் செம்பைத் தொட்டுவிட்டது. வண்டியின் இரும்புச் சட்டம் பாட்டரியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டது. ஆகவே மின்னோட்டம் பியூஸ் வரை செல்லாமலே தகட்டின் வழியாகத் திரும்பிவிட்டது. தன் வழியே ஓடாத மின்னோட்டத்திற்குப் பியூஸ் எங்ஙனம் உருகும்?

"பன்னிரண்டு வோல்ட்தானே, கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாதே" என்று சொல்வோர் உளர். மனித தேகத்தைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் மெய்யே. கம்பியைப் பொறுத்தமட்டிலோ அது பெரும் மயக்கம். 100 வாட்டு ஒலியாற்றல் தரும் ஆம்பிளிஃபையர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது பெறும் சக்தியில் நூற்றுக்கு அறுபது பங்கே ஒலிக்குப் பயன்படுவதாகக் கொண்டால், அதற்கு ஏறத்தாழ 167 வாட்டு வேண்டும். வீட்டின் 230 வோல்ட்டில் இதற்கு முக்கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே போதும். 12 வோல்ட்டிலோ 14 ஆம்பியர் ஓடியாக வேண்டும். அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் பெருகுகின்றது. ஓட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்மடங்காகும். பின்னதை ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓட்டம், அழுத்தம், தடை ஆகிய மூன்றன் உறவை அதற்கு முன்னரே, 1827-இல், ஓம் என்னும் ஜெர்மானியர் நூலாக எழுதியிருந்தார்.

இவ்விதிகளை நம் லாரிக்குப் பொருத்திப் பார்ப்போம். போக ஐந்து மீட்டரும் வர ஐந்து மீட்டருமாகப் பத்து மீட்டர் செம்புக்கம்பி என்க. வீட்டு விளக்கிற்கு இடும் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் அதன் தடை 0.17 ஓம். பதினான்கு ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 34 வாட்டு கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். ஆம்பிளிஃபையருக்குப் பத்து வோல்ட்டிற்கும் குறைவாகவே கிட்டும். அப்போது குரல் கரகரக்கும். பாவம், பழி ஆம்பிளிஃபையர் மேலும், சில வேளை பேசுபவர் தொண்டை மேலும் விழும்! ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு 0.4 வோல்ட்டே. விலை சற்று அதிகந்தான். ஆயினும் லாரியின் விலைக்கு முன் அது எம்மாத்திரம்? அந்த மெல்லிய கம்பியே சட்டத்தில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படின், நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். சில விநாடிகளில் உறை உருகிப் புகையும். தீப்பெட்டியோ பட்டாசோ இராஜபாளையத்து ஆலைகளின் பஞ்சோ பின்னால் இருக்குமாயின், விளைவை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

ஆகவே பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு முழத்திற்குள் பியூஸ் அமைதல் வேண்டும். நாம் கூறிய அளவிற்கு 20 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். அது போய்விட்டதென்று சிகரெட் காகிதத்தைச் சுற்றி இடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். துளைக்கு ரப்பர் வளையம் இன்றியமையாதது. கம்பியை மற்றொரு நெளிகுழாயினுள் செலுத்தி, டீசல் குழாயினின்றும் புகைபோக்கியினின்றும் விலக்கிக் கட்டவேண்டும். இக்காலத்து லாரிகள் பலவற்றில் எஞ்சினைப் பார்ப்பதற்குக் கேபின் முழுவதையும் முன்னோக்கிச் சாய்க்கின்றனர். ஆங்கே சட்டத்திற்கும் கேபினுக்கும் இடையில் கம்பியைத் தளர்வாக விடாவிட்டால், முதல் தடவை சாய்க்கும்போதே அது இழுபட்டு அறுந்துபோகும். ஒலிக்கம்பிகளை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதிருந்தால் எஞ்சினின் ரீங்காரமும் குழாயில் ஒலியாது.

பெரிய லாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 12 வோல்ட் ஆம்பிளிஃபையருக்கு இதை நேரே கொடுத்தால் அது பாழாகும். இதையறிந்த சிலர் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கின்றனர். இது சாமர்த்தியமாகத் தோன்றினும், ஒரே நுகத்தில் பசித்த மாட்டையும் வயிறு நிறைந்த மாட்டையும் பூட்டியது போலாகும். அப்பாட்டரி குறைந்துகொண்டே போக, இரண்டிற்கும் ஒருசேர மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் மற்றதை மிகையாக ஏற்றி அதன் நீரை வற்றச் செய்யும். சில மாதங்களில் இரண்டும் கெடும். 24-ஐ 12-ஆகக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே முறை.

இவ்வேலைகளைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, வேலை முடிந்தபின் அதனைக் கடைசியாக மாட்டுதல் வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றுங்கால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் பொறி எழும். மின்னேறும் பாட்டரியின் மேலே ஹைட்ரஜன் வாயு நிற்பதுண்டாதலின், அப்பொறியே வெடிப்பிற்குக் காரணமாகலாம்.

கிருஷ்ணன்கோவிலில் நின்ற அந்த லாரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரினின்று கனத்த கம்பி தருவிக்கப்பட்டது. எலக்ட்ரீஷியன் வருமுன்னரே ஓட்டுநர் எதிர்முனையைக் கழற்றி வைத்திருந்தார். பியூஸ் அமையவேண்டிய இடத்தையும் தம் முழங்கையால் அளந்து சாக்பீஸால் கோடிட்டிருந்தார். இரண்டு நாழிகையில் வேலை முடிந்தது. வண்டி வத்திராயிருப்புச் சாலையில் திரும்பியபோது, வழி தவறிய ஒரு குழந்தையின் அடையாளங்களை அக்குழாய்கள் தெளிவாக அறிவித்துக்கொண்டு சென்றன.