எறியுளிக்கு இரண்டு பேரப்பிள்ளைகள்

தேக்குத் தூள் வாசனை இன்னும் சட்டையை விட்டுப் போகவில்லை. மண்டகப்பட்டில் ஓர் ஆசாரியின் கொட்டகைக்குள் காலை ஆறு மணிக்கு நுழைந்தவன், மதியச் சோற்றையே மறந்துவிட்டேன். கடலுக்கடியில் மீன் பிடிக்கும் துப்பாக்கி ஒன்று, கடலே கண்ணுக்குத் தெரியாத இந்த ஊரில், என் கண் முன்னால் முழு உருவம் எடுத்தது! இதை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சித்தப்பா மகன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை லீவு என்றால் அங்கே அவனைக் கரையில் பார்க்க முடியாது. முகத்தில் கண்ணாடி, காலில் துடுப்பு, அவ்வளவுதான். முதுகில் சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறை இடுக்கில் காத்திருந்து, ஒரே ஒரு மீனைக் குறிவைத்துப் பிடித்து மேலே வருகிற வேட்டை அது. அதற்கான துப்பாக்கியின் ஆங்கிலப் பெயர் ‘ஸ்பியர் கன்’. அவனிடம் ஏற்கெனவே இருப்பது அலுமினியக் குழாய்த் துப்பாக்கி. அவன் ஆசைப்பட்டது தேக்கில் ஒன்று. அதை ஊரிலேயே செய்யவேண்டும் என்று விசைப்பெட்டியையும் அம்பையும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குழாய்த் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

இந்த ஊரில் மரமா உலோகமா என்று பேசுவதே எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கும் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்திருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரோடு, அங்கே கல்லில் வெட்டிவைத்த செய்தி இதுதான்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, அப்படியே பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் ஒரு கோயில் எடுத்தேன். அந்த வேலையில் நடந்தது உளி ஒன்றுதான். அதே மலைக்குப் பக்கத்தில் எங்கள் ஆசாரி இன்று தேக்கில் உளி நடத்துகிறார். கடலில் வீசுகிற ஈட்டிக்கு நம் முன்னோர் வைத்த பெயரும் உளிதான்: எறியுளி. குறுந்தொகை 304ஆம் பாட்டில் அது வருகிறது. கூர்முனை இரும்பு, காய்ந்த மூங்கில் காம்பு, எறிந்த பிறகு இழுத்துக்கொள்ளும் விசை, வளைந்த திமிலில் பரதவர். இரும்பும் மரமும் சேர்ந்தே கடலுக்குள் போன ஆயுதம். கொட்டகையில் கிடந்த இரண்டு துப்பாக்கிகளும் அதன் பேரப்பிள்ளைகள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் ஆசாரியின் பெஞ்சுக்கு வாருங்கள். ஒரே கட்டையிலிருந்து துப்பாக்கியைச் செதுக்கவில்லை அவர். வைரம் பாய்ந்த தேக்கில் மூன்று பட்டைகள் அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, எபாக்சி பசை தடவிக் கிளாம்பில் இறுக்கியிருந்தார். ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன்.

“மரம் உயிரோட இருக்குற சாமான் தம்பி. வெயில்ல ஒரு பக்கம் முறுக்கும். ஒண்ணு இப்படி முறுக்குனா இன்னொண்ணு அப்படி முறுக்கணும். ரெண்டும் இழுத்துக்கிட்டு நேரா நிக்கும்.”

பேசிக்கொண்டே காடி இழைக்க ஆரம்பித்தார். அம்பு படுத்து ஓடவேண்டிய பள்ளம் அது. ஒரு மீட்டர் நீளம். நூல் பிடித்துக் கோடு போட்டு, மெல்லிய சுருள் சுருளாக மரத்தை எடுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அம்புக்கம்பியைக் காடியில் வைத்து, கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் மயிரிழை வெளிச்சம். மறுபடியும் இழைப்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உளியைக் கல்லில் தீட்டினார். தேக்கில் எண்ணெயும் உண்டு, மணல் போன்ற சிலிக்காத் துகளும் உண்டு. எண்ணெய் தண்ணீரைத் தாங்கும், சிலிக்கா உளிமுனையைத் தின்னும். “முனை போவுது பாரு” என்று காட்டினார். வெளிச்சம் மறைந்த நொடியில் நான் கைதட்டிவிட்டேன்!

குழாய்த் துப்பாக்கியின் பிறப்பு வேறு. 28 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாய், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டு முனையும் காற்றுப் புகாமல் அடைத்தது. அம்பு ஓடும் தண்டவாளம் குழாயோடு ஒன்றாகவே அச்சில் பிதுக்கி எடுக்கப்பட்டு வருகிறது. தென்னாப்பிரிக்கா டர்பனில் ராப் ஆலன் பிரபலமாக்கிய அமைப்பு. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் மார்செய் நகரில் ரெனே கவலேரோ, குறுக்குவில்லைக் குறிக்கும் ‘அர்பலேத்’ என்ற பெயரில் முகப்பில் ரப்பர் கட்டிய குழாய்த் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். ஐரோப்பா குழாயின் பக்கம் போனது. கலிபோர்னியாக்காரர்கள் பெரிய சூரைகளைத் துரத்தியதால் தேக்கின் பக்கம் போனார்கள். ஜே ரிஃபி என்ற பெயர் அங்கே தேக்குத் துப்பாக்கிக்கு மறுபெயர் மாதிரி.

அதற்குள் தம்பி விசைப்பெட்டியைத் திறந்துவிட்டான். இதைத்தான் யாரும் வெளியே காட்டமாட்டார்கள்! தீப்பெட்டி அளவு எஃகுக் கூடு. உள்ளே இரண்டே நெம்புகோல். அம்பின் வால் பக்கத்தில் ஒரு வெட்டு. மேல் நெம்புகோல் அதில் கவ்விக்கொள்கிறது. ரப்பர் தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபட்டு நிற்கும்போது அத்தனை விசையையும் பிடித்துவைத்திருப்பது அந்தச் சின்ன நாக்குதான். விரல் கீழ் நெம்புகோலை அசைத்தால் மேலது சாய்கிறது, அம்பு போய்விடுகிறது. வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஐம்பது முறையாவது டிக் டிக் என்று அடித்துப் பார்த்திருப்பேன்.

எண்ணெய் ஒரு கை தேய்த்து, பிடியையும் பெட்டியையும் பூட்டியதும், பம்புசெட்டுத் தொட்டிக்கு ஓடினோம். சுட்டுப்பார்க்க இல்லை, கல் தொட்டியில் அம்பு திரும்பி வந்தால் உயிர் போகும். ரப்பரே மாட்டவில்லை. மிதக்கிறதா என்று பார்க்கத்தான்.

அம்பு இல்லாமல் இரண்டும் மிதந்தன. பிறகு 7 மி.மீ. தடிமன், 140 செ.மீ. நீள அம்பைப் பொருத்தினோம். அம்பின் எடை மட்டும் சுமார் 420 கிராம். குழாய்த் துப்பாக்கி ஒரு நொடி யோசித்து, மூக்கைக் குத்திக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. தேக்கு? அதே அம்போடு, மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, மிதந்தது! அண்ணன் தம்பி இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் குதித்தோம். பம்புசெட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

கணக்குப் போட்டால் காரணம் தெளிவு. குழாய் விலக்குகிற தண்ணீர் அறுநூறு கிராமுக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் அதன் சொந்த எடைக்கே போய்விடுகிறது. நான்கரைக்கு நான்கு சென்டிமீட்டர் தேக்குக்கட்டை விலக்குவது ஒரு கிலோ எண்ணூறு. அதன் எடை ஒரு கிலோ இருநூறுக்குள். மிச்சமிருக்கும் அறுநூறு கிராம் தூக்குவிசைதான் அம்பையும் பிடியையும் தாங்குகிறது. கனமான அம்பு, கூடுதல் ரப்பர், தூரத்து மீன் என்று போகிறவர்களுக்கு மரம் ஏன் வேண்டும் என்பது எனக்கு அந்தத் தொட்டியில்தான் விளங்கியது.

பின்னுதையும் அப்படித்தான். அம்பு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். எடை அதிகமானால் உதை குறையும். அம்பை நீக்கினால் தேக்கின் எடை குழாயின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே உதை பாதிக்கும் கீழே. உதை குறைந்தால் மூக்கு எகிறாது, குறி தப்பாது. இன்னொன்று: இழுபட்ட ரப்பர், துப்பாக்கியை வில்லாக வளைக்கப் பார்க்கும். கெட்டியான மரம் அசையாது. மெல்லிய குழாய், ரப்பர் கூடக்கூட வளையும். இந்தக் குறையைக் குறைக்கக் கார்பன் குழாயும் உண்டு.

இவ்வளவு சொன்னபிறகும் குழாயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொட்டிக்குள் இரண்டையும் இடமிருந்து வலமாக வீசிப் பார்த்தேன். மரம், சேற்றில் ஏர் திருப்புகிற மாதிரி வந்தது. குழாய் சுழன்று வந்துவிட்டது. தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி. அதில் பருமன் என்பது சுமை. பாறை இடுக்கில் களவா மீன் தலைகாட்டி மறைகிற நேரத்துக்குள் திரும்பவேண்டுமே! தண்ணீருக்குள் மீன் முக்கால் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையருகில் இருப்பதாக நினைத்து அவசரப்படுகிறவனுக்கு இலகுவான துப்பாக்கி பெரிய உதவி.

பராமரிப்பிலும் குழாய்தான் சமத்து. நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வைத்தால் போதும். எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் மட்டும் உப்பு அரிக்கும், அதைக் கவனிக்கவேண்டும். மரத்துக்கு எண்ணெய் வேண்டும், வெயில் ஆகாது, காரின் பின்சீட்டில் கிடந்தால் வெடிக்கும்.

என் தீர்ப்பு இது. முதல் துப்பாக்கி வாங்குகிறவர், கலங்கல் தண்ணீரிலும் பாறையோரத்திலும் கிட்டத்தில் மீன் பார்க்கிறவர், குழாயே எடுக்கட்டும். தெளிந்த ஆழ்கடலில் வஞ்சிரமும் சூரையும் தேடுகிறவருக்குத் தேக்குதான். தம்பிக்கு இரண்டும் வேண்டுமாம், அவன் கொடுத்துவைத்தவன். ஆசாரிக்கு அடுத்த கட்டைக்கு முன்பணம் வந்துவிட்டது, அதில் எனக்குத்தான் பெரிய சந்தோஷம்.

ஆசை வந்தவர்களுக்கு மூன்று வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே இதைக் கொண்டுபோகாதீர்கள். ஆளுயரத்தைத் தாண்டி வளரும் ராட்சதக் களவா 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள். மூச்சடக்கி இறங்குகிறவன் மேலே வரும் கடைசி சில மீட்டரில் வலியே இல்லாமல் மயங்கிவிடலாம். தேக்கோ குழாயோ எது கையில் இருந்தாலும், ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே நின்று பார்க்கவேண்டும். தனியாக இறங்காதீர்கள்.