போட்டோ எடுக்கும் முன் பேரைக் கேட்டாங்களா?



குழுக் கூட்டம், கடன் வழங்கும் விழா, பயிற்சி, கண்காட்சி என்று எது நடந்தாலும் போட்டோ எடுக்கிறார்கள். வங்கியிலிருந்து வருபவர் எடுக்கிறார். வெளியூர் விருந்தினர் எடுக்கிறார். களப்பணிக்கு வரும் நாங்களும் எடுக்கிறோம். "அந்தக் கன்னுக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் சிரிங்கக்கா" என்றால் நாமும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். பிறகு அந்தப் படம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையில் ஒரு உறவு இருக்கிறது. அது பத்து நிமிட உறவாக இருக்கலாம். ஆனால் படம் நாற்பது, ஐம்பது வருடம் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் இரண்டு பெண்களுக்கு இடையில் நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம்.

பட்டாணிக் காட்டில் ஒரு தாய்

1930-களில் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார நெருக்கடி. ஆலைகள் மூடின, வங்கிகள் திவாலாயின. பல மாநிலங்களில் மழை பொய்த்து, மண் காற்றில் பறந்தது. லட்சக்கணக்கான மக்கள் பிழைப்புத் தேடி கலிபோர்னியா மாநிலத்துக்குப் போனார்கள். பருத்தி, பட்டாணி, பழம் என்று எங்கே அறுவடையோ அங்கே போவார்கள். அறுவடை முடிந்ததும் அடுத்த ஊர்.

இவர்களின் நிலையைப் படம் எடுத்துக் காட்ட அரசாங்கமே சிலரை வேலைக்கு வைத்தது. அவர்களில் ஒருவர் டோரதியா லாங்கே என்ற பெண்மணி. ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, ஒரு கால் விந்தி நடப்பவர். சான் பிரான்சிஸ்கோ நகரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து, வசதியான குடும்பங்களைப் படம் எடுத்துவந்தார். ஊரெல்லாம் வேலையில்லாமல் நிற்பதைப் பார்த்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

1936 மார்ச் மாதம். ஒரு மாத வேலையை முடித்து, மழையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வழியில் நிப்போமோ என்ற ஊரருகே, பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் என்று ஒரு பலகை. 'போதும், வீட்டுக்குப் போவோம்' என்று தாண்டிவிட்டார். மனசு கேட்கவில்லை. 20 மைல் போனபிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

முகாமில் கடுங்குளிரால் பட்டாணி கருகிவிட்டது. வேலை இல்லை, கூலி இல்லை. ஒரு கிழிந்த கூடாரத்தில் 32 வயதுத் தாய் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். லாங்கே முதலில் தள்ளி நின்று எடுத்தார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார். கடைசிப் படத்தில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. தாய் கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கிறார். மொத்தமே பத்து நிமிட வேலைதான்.

அந்தப் படம்தான் 'இடம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

படத்தால் நன்மை வந்ததா?

வந்தது. லாங்கே ஊருக்குப் போனதும் ஒரு பத்திரிகையில் விஷயத்தைச் சொன்னார். படங்கள் அச்சாயின. முகாமில் பசியோடு இருந்தவர்களுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ உணவுப் பொருளை அரசாங்கம் அனுப்பியது. ஒரு படம் பல வயிற்றை நிரப்பியது. அதை மறுக்கவே முடியாது.

ஆனால் படத்தில் இருந்த தாய்க்கு அது கிடைக்கவில்லை. உணவு வந்து சேரும் முன்பே அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டது.

லாங்கே அவர் பெயரையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். தன் படம் தனக்கு உதவும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது, அதனால் அவர் எனக்கு உதவினார் என்றும் எழுதினார். அதாவது, இருவரும் சமமாக நடந்துகொண்டோம் என்பது அவர் நினைப்பு.

அந்தத் தாய் என்ன நினைத்தார்?

1978 வரை அது யாருக்கும் தெரியாது. 42 வருடம் கழித்து ஒரு பத்திரிகைக்காரர் அவரைக் கண்டுபிடித்தார். பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோக்கி என்ற பழங்குடியில் பிறந்தவர். முதல் கணவர் 1931-ல் இறந்துவிட, காட்டு வேலையும் பிற வேலையும் பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

அவர் மனசில் நிறைய வருத்தம் இருந்தது. படத்தை விற்கமாட்டேன், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொன்னார்கள், அனுப்பவே இல்லை என்றார். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். 1958-ல் ஒரு பத்திரிகையில் தன் படத்தைப் பார்த்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம்கூட எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டுக்காக அந்தக் குடும்பம் கார் டயரை விற்றுவிட்டது என்று லாங்கே எழுதிவைத்தார். அப்படி எதையும் விற்கவில்லை, வேறு யாருடைய கதையையோ எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றது குடும்பம். பெயர் கேட்காமல் விட்டால் கதையும் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

அப்படியானால் லாங்கே மோசமானவரா? இல்லை. அந்தப் படத்தால் அவரும் சம்பாதிக்கவில்லை. சம்பளத்துக்கு எடுத்தார், படம் அரசாங்கச் சொத்து. மற்ற நாட்களில் மக்களிடம் நிதானமாகப் பழகக்கூடியவர். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை மெதுவாகக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாராம். மக்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துவைப்பார். தான் விந்தி நடப்பதைப் பார்த்ததும் மக்கள் தன்னை வேற்றாளாக நினைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரே, களைப்பாக இருந்த ஒரு நாளில் பெயர் கேட்க மறந்தார். 1965-ல் லாங்கே இறக்கும்வரை அந்தத் தாயின் பெயர் ஊருக்குத் தெரியாது.

இந்தக் கதை வருத்தத்தோடு முடியவில்லை. 1983-ல் ஃபுளோரன்ஸ் நோயில் படுத்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். படத்தை அறிந்த மக்கள் 35,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். பணத்தோடு கடிதங்களும் குவிந்தன. அந்த முகத்தைப் பார்த்து தைரியம் பெற்றோம் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை வெட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அப்போதுதான் அம்மாவின் படம் பெருமையாகத் தெரிந்தது. அதே வருடம் அவர் இறந்தார்.

நாங்கள் செய்த தவறு

இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. நாங்களும் இந்தத் தவறைச் செய்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் மழையில் ஒரு உறுப்பினரின் வீட்டுச் சுவர் இடிந்தது. பார்க்கப் போன நாங்கள், ஈரச் சேலையோடு அவர் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தோம். அறிக்கைக்குத்தான் எடுத்தோம். படம் நன்றாக வந்ததால் அடுத்த வருடக் காலண்டரிலும் போட்டுவிட்டோம். அவர் மகள் படிக்கும் பள்ளியிலும் அந்தக் காலண்டர் தொங்கியது. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் எங்களைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "போடப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடன் அடைச்சு வீட்டைக் கட்டினதுக்கு அப்புறம் வாங்கன்னு சொல்லியிருப்பேன்ல?"

எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டோம். ஆனால் ஊர் ஊராகப் போன காலண்டரை எப்படித் திரும்ப வாங்குவது?

கேட்பது நம் உரிமை

இனி யாராவது படம் எடுக்க வந்தால், நாங்களே வந்தாலும், இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க?
2. இந்தப் படம் எதுக்கு?
3. எதுல போடுவீங்க? பேப்பரா, காலண்டரா, செல்போன்ல அனுப்புவீங்களா?
4. என் பேரைப் போடுவீங்களா, மாட்டீங்களா? என்ன எழுதுவீங்க?
5. எனக்கு ஒரு பிரதி எப்போ தருவீங்க?

பதில் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாங்க" என்று சொல்லலாம். அதனால் கடனோ மானியமோ நிற்காது, நிற்கக் கூடாது. "சேலை மாத்திக்கிட்டு வர்றேன், இருங்க" என்று சொல்வதும் தப்பில்லை. நம்மை எப்படிக் காட்டுவது என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

இப்போது நம் கையிலும் செல்போன் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகள் நமக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுப் பாட்டியை, மருமகளை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை எடுக்கும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள். பேசிவிட்டு எடுத்த படத்தில் முகம் எப்படித் தெளிந்திருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

சுவர் இடிந்த அந்த உறுப்பினர் பிறகு வீட்டைக் கட்டி முடித்தார். சொல்லி அனுப்பினார், போனோம். பட்டுச்சேலை கட்டி, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, புது வாசலில் நின்றார். அந்தப் படத்தை இந்த இதழில் போடலாமா என்று கேட்டோம். "வேண்டாங்க, இது எங்க வீட்டுக்கு" என்றார். அதனால் போடவில்லை. சட்டம் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

• உங்கள் படம் உங்களுக்குத் தெரியாமல் எங்காவது வந்திருக்கிறதா? அப்போது மனசுக்கு எப்படி இருந்தது?
• கூட்டத்தில் படம் எடுக்க வருபவர்களுக்கு நம் குழு என்ன விதி வைக்கலாம்?

பேசி முடித்து, முடிவை உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள். அதன்படி நடக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள்.