‘கட்டு’ என்னும் வினை

தமிழ் கற்கப் புகும் பிறமொழியாளர் ஒருவர் அகராதியைத் திறந்து ‘கட்டு’ என்னும் வினையைப் பார்ப்பாராயின் மலைத்துப்போவார். பிணித்தல், எழுப்புதல், உடுத்தல், மணத்தல், செலுத்துதல், பொய்புனைதல் எனப் பொருள்கள் நீண்டுகொண்டே செல்லும். ஸ்பானிய மொழியில் மாட்டைக் கட்டுவதற்கு ‘அத்தார்’, வீட்டைக் கட்டுவதற்குக் ‘கொன்ஸ்த்ருயிர்’, பணங் கட்டுவதற்குப் ‘பகார்’ என வெவ்வேறு வினைகள் உள. நாமோ மூன்றையும் ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றோம். இப்பொருள்களையெல்லாம் நெட்டுருப் பண்ணுவது வீண்வேலை. சிதறுவதை அல்லது விலகி ஓடுவதை ஓரிடத்தில் நிற்கச் செய்தலே இவ்வினையின் அடிப்படை என்று கொண்டால், ஏனையவை பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கும்.

இதனைக் கற்பதற்கு வன்னியினும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. குளம் ‘வெட்டுதல்’ என்பது பலவூர் வழக்கு. நிலத்தைத் தோண்டிக் குளமாக்கும் இடங்களுக்கு அது பொருந்தும். வன்னியின் பெருங்குளங்களோ ஆற்றுக்குக் குறுக்கே மண்ணணை எழுப்பி ஆக்கப்பட்டவை. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920இல் முடிக்கப்பட்ட இரணைமடு அத்தகையது. ஆதலின் இங்கே குளம் ‘கட்டப்படுகின்றது’. அவ்வணையும் ‘குளக்கட்டு’ என்றே பெயர் பெறுகின்றது. கயிற்றில் மாடு நிற்பது போலக் கட்டில் ஆறு நிற்கின்றது.

2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகத்திற்குத் தென்பகுதியிலிருந்து வரும் சிங்கள மாணவருக்கு இது புதுமையன்று. அவர்தம் ‘பந்தினவா’ என்னும் வினையும் மாட்டைக் கட்டும், குளத்தையும் கட்டும். மணமுடித்தலைக் ‘கசாத பந்தினவா’ என்பர். (‘கசாத’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், கட்டியவர் சிங்களவர்!) நாமும் ‘கலியாணங் கட்டினான்’ என்கின்றோமன்றோ? அவர் வினை வடமொழி வழியது. நம்முடையதோடு அதற்குப் பிறப்பால் உறவில்லை. எனினும் குளத்தை நம்பி வாழ்ந்த இரு சாராரும் ஒரேவிதமாக எண்ணியிருக்கின்றனர்.

இவ்வொற்றுமையை முற்றும் நம்பி நடந்தால் கால் இடறும். ‘இன்றிரவு வயலுக்குத் தண்ணீர் கட்டவேண்டும்’ என்று கமக்காரர் ஒருவர் சொல்கின்றார். புதிதாகத் தமிழ் பயின்றவர், நீரைத் தடுத்து நிறுத்துமாறு கேட்கின்றார் என்று கருதிவிடக்கூடும். கருத்து நேர்மாறானது. வாய்க்கால் வழியே நீரைக் கொணர்ந்து, வயலுக்குப் பாய்ச்சி, வரம்புக்குள் நிற்கச் செய்வதே தண்ணீர் கட்டுதல். தடுப்பதைச் சொல்ல ‘மறித்தல்’, ‘அடைத்தல்’ என வேறு வினைகள் உள. குளத்து நீரை அளந்து பங்கிடும் சிறுபோகக் காலத்தில், இவ்வாக்கியம் எழுதிய கடிதத்தைக் கையிலேந்திய உத்தியோகத்தர் ஒருவர் துருசைத் திறப்பதா மூடுவதா என்று மயங்கினால், வாடுவது பயிர். 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் உத்தியோகத்தருக்கான பாடநூல்களில் வணக்கமும் நலம்விசாரிப்பும் பெறும் இடத்தில் ஒரு பகுதியையாவது வயல்வெளி வினைகளுக்கு ஒதுக்கினால் நன்று என்பது எம் கருத்து.

காலங்காட்டுவதிலும் ஒரு பொறி இருக்கின்றது. ‘இடு’ என்பது ‘இட்டான்’ என்றும், ‘படு’ என்பது ‘பட்டான்’ என்றும் ஆவது கண்டு, ‘கட்டு’ என்பதைக் ‘கட்டான்’ என்று மாணவர் முடித்துவிடுவர். ‘கட்டினான்’ என்பதே இறந்தகாலம். ‘கட்டான்’ என்றாலோ கட்டமாட்டான் என்பது பொருள். கடனை ஒழுங்காகச் செலுத்தியவரைப் பற்றி வங்கிக் குறிப்பில் ‘கட்டான்’ என்று எழுதிவிட்டால் அவர் சண்டைக்கே வந்துவிடுவார்! துணைவினை சேரும்போது செயப்படுபொருளையும் நோக்கவேண்டும். பொதியைக் கட்டிக்கொடுத்தான் என்பது ஒன்று. மகளைக் கட்டிக்கொடுத்தான் என்பது முற்றிலும் வேறு.

இவ்வினையின் ஒரு துண்டு கடல்கடந்தும் சென்றது. மரங்களைப் பக்கம்பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணித்த கட்டுமரத்தை, ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் குறித்தார். ஸ்பானியரும் இன்று ‘கத்தமரான்’ என்கின்றனர். அவர்கள் குறிப்பதோ இரட்டை உடலுள்ள படகு. மரத்தைப் பிணிக்கும் கயிறு அதில் இல்லை.