ஆங்கிலச் செய்யுளில் ஓவிட்டும் கம்பரும்

பினாங்கிற்கு இலத்தீன் புதுமொழியன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலாவ் தீக்குஸில் நிலைபெற்ற கத்தோலிக்கக் குருமடத்தில், ஆசிய நாடுகள் பலவற்றின் மாணவர் அம்மொழியிலேயே பாடம் கேட்டனர். இலத்தீனில் புராணக் கதைகளின் களஞ்சியமாக விளங்குவது, ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஓவிட் என்னும் புலவர் இயற்றிய 'உருமாற்றங்கள்' என்னும் காப்பியம். அதில் தாப்னி என்னும் நங்கை மரமாகிறாள். நார்சிசஸ் மாய்ந்த இடத்தில் மலர் தோன்றுகிறது. 15 பகுதிகளும் ஏறத்தாழ 12,000 அடிகளும் உடைய இந்நூலை ஆங்கிலேயர் செய்யுளிற் பெயர்த்த வரலாறு, கம்பரைப் பிறர்க்குக் காட்ட விழையும் நமக்கும் பயன் தருவதாம்.

ஓவிட்டின் அடி ஆறு சீர்களால் ஆயது, குறில் நெடில் அளவால் நடப்பது, இயைபுத்தொடை அற்றது. ஆங்கில யாப்போ அசையின் அழுத்தத்தைப் பற்றி நிற்பது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் தமக்கேற்ற யாப்பைத் தேட வேண்டியதாயிற்று. ஆர்தர் கோல்டிங் 1567இல் முழுநூலையும் 14 அசை கொண்ட நீண்ட அடிகளில், ஈரடிக்கோர் இயைபமைத்துப் பாடினார். பேச்சுமொழியின் உயிர்ப்பு அதில் உண்டு; மூலத்தின் சுருக்கம் இல்லை. சேக்சுபியர் எடுத்தாண்ட நூல் இதுவே. ஜார்ஜ் சாண்டிஸ் 1626இல் 10 அசையடியில் அமைத்துச் செறிவைப் பெற்றார். டிரைடன், அடிசன் முதலியோரின் பெயர்ப்புகள் 1717இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பெற்றன. 2022இல் ஸ்டெபனி மெக்கார்ட்டர், பெண்டிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை முன்னையோர் மென்சொல்லால் மூடிய இடங்களில் வெளிப்படையான சொல்லை ஆண்டார். முன்னது இருக்கவும் பின்னது வேண்டப்பட்டமைக்குக் காரணம், எதுவும் மூலம் முழுவதையும் தாங்காமையே.

இனிக் கம்பரைக் காண்போம். வ. வே. சு. ஐயர் 1920களின் தொடக்கத்தில் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். ஓமர், வர்ஜில், மில்டன் ஆகியோருடன் கம்பரை ஒப்பிட்டு, 4,000 அடிகளுக்கு மேல் செய்யுளாகவும் கவிதைப்பாங்கான உரைநடையாகவும் பெயர்த்தார். அதனை 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. பின்னர் 1988இல் ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைபெட்சும் ஆரணிய காண்டத்தைக் கவிதையாகவே பெயர்த்து வெளியிட்டனர்.

அக்காண்டத்திலும் ஓர் உருமாற்றம் உண்டு. அரக்கி சூர்ப்பணகை அழகிய மங்கையாகி இராமன்முன் நடந்து வருகிறாள். அப்பாட்டில் ஞகர ஒற்றும் சகரமும் இணைந்த ஓசை மீண்டும் மீண்டும் வந்து அவள் ஒயிலைச் செவிக்குக் காட்டும். வஞ்சிக்கொடியும் நஞ்சும் வஞ்சமும் அவ்வோரோசையிலேயே பிணைந்து நிற்றலால், அழகைக் கேட்கும் செவி கபடத்தையும் உடன் கேட்கிறது. ஆங்கிலத்தில் கொடி, நஞ்சு, கபடம் என்னும் மூன்றிற்கும் ஓசையுறவு இல்லை. பொருள் கடல் கடக்கும். இப்பிணைப்புக் கரையிலேயே நின்றுவிடும்.

ஆயினும் மொழிபெயர்ப்பு வீண் என்பதன்று நம் கருத்து. ஓவிட்டிற்கு வாய்த்தது போலக் கம்பருக்கும் தலைமுறைதோறும் புதுப்புதுப் பெயர்ப்புகள் வேண்டும். ஆங்கிலம் வழியாகக் கம்பரை அறியும் மாணவனிடம் ஆசிரியர் மூலப்பாட்டை வாய்விட்டு ஓதிக் காட்டுக. பெயர்ப்பில் வந்தது எது, வாராதது எது என்பதை அவன் செவியே அவனுக்கு உணர்த்தும்.